உங்க சம்பளத்தில் பிடிக்கிற 1,250 ரூபாய் எந்தத் தெருவுக்குப் போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

சென்னையில் வேலை பார்க்கிறவங்க உங்க சம்பள ஸ்லிப்பை ஒரு நிமிஷம் திறந்து வச்சுக்கோங்க. பிடித்தங்கள் பகுதியில், பி.எஃப்-க்குக் கீழே, 'பி.டி.' என்று ஒரு வரி இருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 1,250 ரூபாய். சில கம்பெனிகளில் அதையே மாசாமாசம் 208 ரூபாயாகப் பிரிச்சுப் பிடிப்பாங்க. புரொஃபஷனல் டாக்ஸ், தமிழில் தொழில் வரி. இது வருமான வரி மாதிரி டெல்லிக்குப் போறதில்லை. கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் இதை மாநில அரசு எடுத்துக்கும். தமிழ்நாட்டில் நேரா உள்ளாட்சிக்குப் போகும். உங்க ஆபீஸ் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தா, பணம் ரிப்பன் மாளிகைக்கு.

ஒரு நகர நிர்வாகம் தன் ஊரின் பொருளாதாரத்தை வளர்க்க எங்கிருந்து பணம் எடுக்குது, அதை எதில் போடுது? இன்னைக்கு இதைத்தான் பேசப் போறோம். அதை அந்த 1,250-லிருந்தே தொடங்கலாம், ஏன்னா அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு விசித்திரம் இருக்கு.

ஆறு மாச வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டிட்டா தொழில் வரி 1,250. அவ்வளவுதான், அதுக்கு மேலே அடுக்கே கிடையாது. அதாவது மாசம் 13,000 ரூபாய் வாங்குற ஒரு செக்யூரிட்டி அண்ணனும், அவர் காவல் காக்கிற கட்டடத்துக்குள்ளே மாசம் 3 லட்சம் வாங்குற டீம் லீடும் கட்டுறது ஒரே தொகை. கம்ப்யூட்டரில் யாரோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு நினைக்காதீங்க. அரசியலமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவிலேயே இருக்கு: ஒரு ஆளிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. அந்த உச்சவரம்பு முதலில் 250 ரூபாயா இருந்தது. 1988-ல் 60-ஆவது திருத்தம் கொண்டுவந்து 2,500 ஆக்கினாங்க. அதுக்கப்புறம் கை வைக்கவே இல்லை. 14-ஆவது நிதிக்குழு இதை 12,000 ஆக்கலாம்னு சொல்லிப் பார்த்தது. நடக்கலை.

1988-ஐக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டைடல் பார்க் வந்ததே 2000-ல். அன்னைக்கு ஓ.எம்.ஆர்.-க்கு அந்தப் பேரே கிடையாது, மகாபலிபுரம் போற ரோடு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அங்கே எத்தனை லட்சம் சம்பளங்கள் வந்தாச்சு! ஊருக்குள் வந்த அந்தப் பணம் பெருகப் பெருக, ஊரை நடத்துற அமைப்புக்கு அதில் கிடைக்கிற பங்கு தலைக்கு 2,500-ல் நின்னுபோச்சு. உங்க வருமான வரி மத்திய அரசுக்கு. நீங்க சாப்பிடுற பிரியாணிக்கான ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்கு. கம்பெனி லாபத்தின் மேலான வரியும் டெல்லிக்கு. மாநகராட்சிக்கு அதிலிருந்து நேரடியா ஒரு பைசா வராது. சுத்தி வந்து சேர்றது உண்டு: மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறாங்க, பத்திரப் பதிவில் ஒரு கூடுதல் வரி வருது, சினிமா டிக்கெட்டில் உள்ளாட்சி கேளிக்கை வரி இருக்கு.

அப்போ பெரிய பணம் எங்கிருந்து?

சொத்து வரி. இந்த எபிசோடில் ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: மாநகராட்சி சொந்தமா சம்பாதிக்கிறதில் பெரும்பகுதி வியாபாரத்திலிருந்து வரலை, கட்டடத்திலிருந்து வருது. கடையில் கூட்டம் அலைமோதினாலும், முதலாளி ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கட்டடத்துக்கான வரி ஒண்ணுதான்.

அதை எப்படிக் கணக்குப் போடுறாங்க? ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவுன்னு ஒரு அடிப்படை மதிப்பு வச்சிருக்காங்க. உங்க கட்டடத்தின் பரப்பு, அது வீடா கடையா, நீங்களே இருக்கீங்களா வாடகைக்கு விட்டிருக்கீங்களா, இதையெல்லாம் சேர்த்து அந்தக் கட்டடம் வருஷத்துக்கு எவ்வளவு வாடகை ஈட்டக்கூடும்னு ஒரு மதிப்பு போடுவாங்க. அதில் ஒரு பங்கு வரி, ஆறு மாசத்துக்கு ஒருமுறை. அரையாண்டின் முதல் மாசத்திலேயே கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். உங்க வீட்டில் அப்பாவோ அம்மாவோ ஏப்ரல் மாசம் இதைப் பத்திப் பரபரப்பா பேசினா, காரணம் இதுதான். இன்னொரு சின்ன விஷயம், அந்த ரசீதை நல்லாப் பாருங்க. நூலக வரின்னு ஒண்ணு இருக்கும். நீங்க கடைசியா எப்போ கிளை நூலகத்துக்குப் போனீங்களோ தெரியாது, ஆனா உங்க வீடு அதுக்குப் பணம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

அந்தத் தெரு மதிப்புகளில்தான் சிக்கல். சென்னையில் சொத்து வரியை மாத்தியமைச்சது 1998-ல். அதுக்கப்புறம் 2018-ல் ஏத்தினாங்க. எதிர்ப்பு வந்தது, உள்ளாட்சித் தேர்தலும் நெருங்குச்சு. 2019 நவம்பரில் நிறுத்தி வச்சு, கூடுதலாக் கட்டினவங்களுக்கு வரும் வரிகளில் கழிச்சுக்கிறோம்னு சொல்லிட்டாங்க. சென்னையில் 2016-லிருந்து 2022 வரைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினாங்க. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, மார்ச்சில் மேயர் வந்தாங்க, ஏப்ரல் 1-ஆம் தேதி வரி உயர்வு அறிவிப்பு வந்தது. தேர்தலுக்கு முன்னாடி ஏன் வரலைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உயர்வு பெருசுதான். பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே 150 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கும் 150. 15-ஆவது நிதிக்குழு போட்ட நிபந்தனையை அரசு காரணமாச் சொன்னது: சொத்து வரியைச் சீரமைக்காத நகரங்களுக்கு மத்திய மானியம் கிடையாது. 24 வருஷம் தள்ளிப் போட்ட ஒரு விஷயத்தை ஒரே நாளில் செஞ்சா அது அடியாத்தான் விழும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா யாருக்கும் இவ்வளவு வலிச்சிருக்காது. இப்போ அந்த மாதிரி வருடாந்தர உயர்வுக்கு விதி இருக்கு. என் கருத்தில் அது நல்ல விதி, நம்ம பாக்கெட்டிலிருந்து போனாலும்.

பாண்டி பஜாரின் கணக்கு

சரி, பணம் வந்தாச்சு. இதை வச்சு ஒரு மாநகராட்சி பொருளாதாரத்தை எப்படி வளர்க்கும்? தொழிற்சாலையைக் கூட்டிட்டு வர்றது மாநில அரசின் வேலை, அதுக்கு சிப்காட், டிட்கோ எல்லாம் இருக்கு. தண்ணி தர்றது குடிநீர் வாரியம். பஸ் எம்.டி.சி. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி சி.எம்.டி.ஏ. மிச்சம் இருக்கிறது தெரு. ரோடு, நடைபாதை, விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், சந்தை, கடைக்கான தொழில் உரிமம். சாதாரணமாத் தெரியும். ஆனா ஒரு கடைக்கு ஆள் வர்றதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கு.

தி. நகர் பாண்டி பஜாரை எடுத்துக்குவோம். அதிகாரப்பூர்வப் பேரு சௌந்தரபாண்டியனார் அங்காடி, நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் பேரில். வாயில் பாண்டி பஜார் ஆயிடுச்சு. 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்தாங்க. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், சுமார் 40 கோடி ரூபாயில். காருக்கான இடத்தைக் குறைச்சு, நடக்கிறவங்களுக்கு அகலமான பாதை, உட்கார இடம், குழந்தைகள் விளையாட இடம். வீக்கெண்டில் அங்கே போய் ஜூஸ் குடிச்சிட்டு ரீல்ஸ் எடுக்காதவங்க நம்ம கூட்டத்தில் குறைவு. ஒரு நகரம் தன் கடைத்தெருவுக்குச் செய்யக்கூடிய நல்ல வேலைகளில் இது ஒண்ணு. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனா பணத்தின் பாதையைப் பின்தொடர்ந்து பாருங்க. நடைபாதை அகலமானா ஆள் கூடுவாங்க. ஆள் கூடினா கடைக்கு மவுசு, வாடகை ஏறும். ஏறின வாடகை கட்டட உரிமையாளருக்கு. அந்த வாடகை மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மத்திய, மாநில அரசுகளுக்கு. வரும் கூட்டத்தின் குப்பையை அள்ளுறது, உடைஞ்ச கல்லை மாத்துறது, விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கிறது எல்லாம் மாநகராட்சிக்கு. 2019-ல் அந்தத் தெருவின் சொத்து வரிக்கான மதிப்பு 1998-ஆம் வருஷத்து மதிப்பு! தெருவை அழகாக்கினவங்களுக்கு அந்த அழகிலிருந்து அன்னைக்குக் கிடைச்சது செலவு மட்டும்தான். சொந்தக் காசில் இன்னொரு பாண்டி பஜார் செய்ய ஒரு மாநகராட்சிக்கு ஏன் மனசு வர மாட்டேங்குது, ஏன் எப்பவும் மேலிருந்து ஒரு திட்டம் வரட்டும்னு காத்திருக்குதுன்னு இப்போ புரியுதா?

உயரும் மதிப்பை நகரமே பிடிச்சுக்க முடியாதா?

முடியும். அமெரிக்காவில் சிகாகோ இதை 1984-லிருந்து செய்யுது. அங்கே டிஃப்னு சொல்வாங்க. ஒரு பகுதியைச் சுத்திக் கோடு போட்டு, இன்னைக்கு இங்கேயிருந்து இவ்வளவு சொத்து வரி வருதுன்னு ஒரு எண்ணை உறைய வைப்பாங்க. அடுத்த 23 வருஷத்துக்கு, அந்த எண்ணுக்கு மேலே எவ்வளவு வரி கூடினாலும் அது அந்தப் பகுதிக்கான தனி நிதிக்குப் போகும். அந்த நிதியிலிருந்து ரோடு போடலாம், நிலத்தைச் சீர் செய்யலாம், தனியார் கம்பெனிக்கு உதவியும் கொடுக்கலாம்.

கேட்க அருமையா இருக்கு. ஆனா பிரச்சினையும் இதிலேயே இருக்கு. அந்தக் கூடுதல் வரி வழக்கமாப் பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் பிரிஞ்சு போக வேண்டிய பணம். இன்னொரு பிரச்சினை, கம்பெனிக்குக் கால் இருக்கு. சிகாகோவின் தெற்கே எங்கிள்வுட்னு ஒரு கருப்பினத்தவர் பகுதி. நல்ல காய்கறிக் கடையே இல்லைங்கிற குறை ரொம்ப நாளா இருந்தது. நகர நிர்வாகம் டிஃப் நிதியிலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேலே போட்டு, நிலத்தைத் தயார் செய்து, ஹோல் ஃபுட்ஸ் கடையைக் கொண்டுவந்தது. 2016-ல் திறப்பு விழா. 2022-ல் கடையை மூடிட்டாங்க. பிறகு அங்கே வேறொரு மலிவு விலைக் கடை வந்தது, அது தனிக் கதை.

ஒரு கடைக்குப் பணம் கொடுத்தா கடை போயிடலாம், நடைபாதை எங்கேயும் போகாது. நம்ம மாநகராட்சிகளுக்கு இப்படிப் பந்தயம் கட்டும் அதிகாரம் இல்லாததை ஒரு குறையா மட்டும் பார்க்கத் தேவையில்லைன்னு எனக்குத் தோணுது. தெருவில் போட்ட காசு தெருவிலேயே இருக்கும்.

தெருவுக்குக் கீழே போடுற காசும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு சின்ன லேத் பட்டறையை நினைச்சுக்கோங்க: மெஷின் தண்ணிக்குள்ளே, மோட்டார் போச்சு, டெலிவரி தேதி போச்சு, அடுத்த ஆர்டரும் சந்தேகம். அந்தப் பட்டறைக்கு அரசு கொடுக்கும் எந்தக் கடன் திட்டத்தையும்விட, தண்ணி வடியும் ஒரு கால்வாய்தான் பெரிய உதவி. மழைநீர் வடிகாலும் பொருளாதாரத் திட்டம்தான், அதுக்கு யாரும் அந்தப் பேரை வைக்கிறதில்லை, அவ்வளவுதான்.

வடிகாலுக்குப் பெரும் பணம் வேணும். சொத்து வரி போதாது, கடன் வாங்கணும். வட சென்னையின் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் இருக்கு. 2025-ல் சென்னை மாநகராட்சி முதல் தடவையா பங்குச் சந்தையில் பத்திரம் வெளியிட்டு, அதே திட்டத்துக்காக 200 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 7.97 சதவீதம். அகமதாபாத் இதை 1998-லேயே செஞ்சிடுச்சு, நாம லேட். இப்படி 100 கோடி திரட்டினா 13 கோடின்னு மத்திய அரசு ஊக்கத்தொகையும் கொடுக்குது. வடிகாலிலிருந்து டிக்கெட் போட்டு வசூல் பண்ண முடியாது. அதனால் வட்டியையும் அசலையும் மாநகராட்சி தன் சொந்த வருவாயிலிருந்துதான் கட்டணும். அதாவது நம்ம சொத்து வரியிலிருந்தும், அந்த 1,250-லிருந்தும்.

ஒரு அட்டையின் மதிப்பு

இதுவரை கோடிகளைப் பத்திப் பேசினோம். கடைசியா, கிட்டத்தட்டச் செலவே இல்லாத ஒரு விஷயம். ஒரு நகர நிர்வாகத்தின் கையில் இருக்கும் வலுவான கருவி இதுதான்னு நான் நினைக்கிறேன்: தெருவோர வியாபாரிக்குக் கொடுக்கும் அடையாள அட்டை.

தள்ளுவண்டியில் காய் விக்கிற ஒரு அக்கா. காலையில் கோயம்பேட்டில் சரக்கு எடுக்கக் கையில் காசு வேணும். வங்கி கொடுக்காது, கடைன்னு காட்ட ஒரு கதவு எண்கூட இல்லையே. அதனால் தண்டல்காரர். கையில் 8,500 ரூபாய் கொடுப்பார், நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். கணக்குப் போட்டுப் பாருங்க: 100 நாளில் 8,500-க்கு 1,500 ரூபாய் வட்டி, அதுவும் அசல் தினமும் குறைஞ்சுக்கிட்டே வரும்போது. உங்க கிரெடிட் கார்டு வட்டியே கொடூரம்னு நினைச்சிருப்பீங்க, இது அதைவிட மோசம்.

2020-ல் மத்திய அரசு ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. பிணையில்லாமல் முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காக் கட்டினா அடுத்து 20,000, அப்புறம் 50,000, வட்டியில் 7 சதவீத மானியம். 2025-ல் முதல் ரெண்டு தொகைகளை 15,000, 25,000 ஆக்கினாங்க. கடன் கொடுக்கிறது வங்கி, மானியம் தர்றது டெல்லி. ஆனா இவங்க இந்த ஊரில் தெருவோர வியாபாரிதான்னு சொல்ல வேண்டியது மாநகராட்சி. கணக்கெடுப்பில் பேர் இருக்கணும், அட்டை இருக்கணும். இல்லாட்டி உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமாவது வேணும். அது இல்லைன்னா அக்கா திரும்பத் தண்டல்காரரிடம்தான்.

2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதைத் தெளிவாவே எழுதியிருக்கு. 5 வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. அது முடிஞ்சு சான்று கொடுக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே விக்கலாம், எங்கே கூடாதுன்னு பேசி முடிவெடுக்க ஒரு நகர விற்பனைக் குழு, அதில் குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவங்களில் மூணில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் நல்ல சட்டம். ஆனா மாநகராட்சியின் வருமானக் கணக்கில் இந்த அக்கா எங்கே இருக்காங்க? அவங்களுக்குக் கட்டடம் இல்லை, அதனால் சொத்து வரி இல்லை. சம்பள ஸ்லிப் இல்லை, தொழில் வரியும் இல்லை. கட்டடத்திலிருந்து வாழும் ஒரு நிர்வாகத்தின் கண்ணுக்கு அவங்க சம்பாத்தியம் தெரியாது, நடைபாதையில் இடத்தை அடைச்சிருக்கிறது மட்டும்தான் தெரியும்.

திரும்ப பாண்டி பஜாருக்கே வருவோம். நாம இன்னைக்கு நடக்கிற அந்த அகலமான பாதையில் முன்னாடி வியாபாரிகள் இருந்தாங்க. நீதிமன்ற உத்தரவுகளைத் தொடர்ந்து 2013-ல் அவங்களைப் பக்கத்தில் கட்டின பல மாடி வளாகத்துக்கு மாத்தினாங்க. கூரை இருக்கு, மின்சாரம் இருக்கு, மழையில் சரக்கு நனையாது. ஆனா நடந்து போற வழியில் ஒரு கிளிப்பைப் பார்த்து வாங்குறவங்க, அதே கிளிப்புக்காக மாடி ஏறுவாங்களா? நடைபாதைக் கடைக்கு முதலே நடைபாதைதான்.

உங்க ஏரியாவில் இதை எப்படிப் பார்க்கலாம்? ரெண்டு வழி சொல்றேன். மாநகராட்சி இணையதளத்தில் உங்க தெருவின் சொத்து வரி மதிப்பையும், பக்கத்து மெயின் ரோட்டின் மதிப்பையும் எடுத்து, உண்மையான கடை வாடகையோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்த இடைவெளிதான் உங்க வார்டில் போடாத ரோடும் எரியாத விளக்கும். இன்னொண்ணு, 2022-லிருந்து நகரங்களிலும் கிராம சபை மாதிரி ஏரியா சபைக் கூட்டம் நடக்குது. நம்ம வயசு ஆட்கள் அங்கே போறது அபூர்வம். உங்க வார்டு கவுன்சிலரிடம் தேதி கேளுங்க. போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நம்ம வார்டில் எத்தனை தெருவோர வியாபாரிகளுக்கு அட்டை இருக்கு, எத்தனை பேருக்கு இல்லை?

என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் போடுறோம். அடுத்த வாரம் தொழில் உரிமம்: ஒரு சின்ன டீக்கடை திறக்க எத்தனை கதவைத் தட்டணும்னு பார்க்கலாம்.